சிரித்தது போதும், கணக்கைப் பார்ப்போம்



நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு எழுதத் தொடங்கியது, இப்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். வாசிக்காமல் மட்டும் கமென்ற் போட வேண்டாம்.

மூன்று நாளாக ஊர்க் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பசுபிக் சமுத்திரத்தில் நவுறு என்றொரு தீவு. அங்குள்ள அரசாங்க ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரப் பயணி தங்கி எடுத்திருக்கிறார். துருப்பிடித்த ஏசி, கழன்று தொங்கும் கதவுப்பிடி, திறந்தால் காற்று மட்டும் வரும் குழாய், மெனு கார்டில் உள்ள எதைக் கேட்டாலும் "இல்லை" என்று தலையாட்டும் பணியாளர். பின்னணியில் கோமாளி மியூசிக் வேறு. எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் அதற்குத் தமிழில் தலைப்பும் போட்டிருக்கிறார்: "குருவி எச்சத்தை வித்துத் திண்ட சனம், இப்ப எச்சத்துக்குள்ளயே படுக்குது." இருநூறுக்கும் மேல் சிரிப்பு இமோஜி.

பொய் சொல்லத் தேவையில்லை, முதல் தரம் பார்த்தபோது நானும் சிரித்தேன். மறுநாள் பாடசாலை விட்டு வரும் வழியில் தெருக்கோடி வீட்டு ராத்தா மறித்து, போனை நீட்டி, "சேர், இது எங்கட மகன் இருந்த ஊரா?" என்று கேட்டார். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று அவருக்கு அனுப்பியிருக்கிறது. சிரிப்பதற்காக.

அவருடைய மகன் என்னிடம் படித்தவன். 2012 இல் படகில் போனவர்களில் ஒருவன். அவனை அவுஸ்திரேலியா நவுறுவுக்குத்தான் அனுப்பியது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஹோட்டல். வீடியோ பொய் சொல்லவில்லை. என் மச்சான் ஒருவர் சில வருடங்களுக்கு முன் கணக்காளராக ஒப்பந்த வேலைக்கு அங்கு போனவர். வீடு ஒழுங்காகும் வரை மூன்று வாரம் அரசாங்க ஹோட்டலில் இருந்தார். அதன் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, எழுதினால் தேடிப் பிடித்து அங்கேயும் போய் ஒரு சிரிப்பு போட்டுவிட்டு வருவீர்கள். மச்சான் சொன்னது வீடியோவை விட மோசம். முதல் அறையில் ஏசி ஓடவில்லை. இரண்டாவது அறையில் ஓடியது, ஆனால் கட்டிலுக்கு மேலே சொட்டியது. மூன்றாவது அறைக் கதவு பூட்டாது, கதிரையை முட்டுக் கொடுத்துத்தான் படுக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரமும் வராத நேரமும் யாருக்கும் தெரியாது. இறைச்சி எப்படி அறுத்தது என்று தெரியாததால் மூன்று வாரமும் மீனும் முட்டையும். "மீன் மட்டும் மச்சான், எங்கட சந்தையில கூட அப்படியொரு சூரை கிடைக்காது" என்பார்.

ஆனால் அந்த வீடியோக்காரர் எடுக்காத ஒன்றையும் மச்சான் சொன்னார். அறை துப்புரவு செய்ய வரும் ஒரு நடுத்தர வயதுப் பெண், தண்ணீர் இல்லாத நாளில் இரண்டு வாளி நிரப்பி, மாடிப்படியால் சுமந்து வந்து குளியலறையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பாராம். இவர் வேண்டாம் என்றாலும் விடமாட்டார். விருந்தாளியாம். நாட்டில் காசு இல்லாமல் போன காலத்தில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்ததாகவும், அப்போதும் படுக்கை விரிப்பைத் தோய்த்துப் போட்டதாகவும் சொன்னாராம். அவருடைய குடும்பக் காணி தீவின் நடுவில். "இப்போது அது காணி இல்லை, குழி" என்று சொல்லிச் சிரித்தாராம். அவர் சிரிக்கலாம். அது அவருடைய குழி.

உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்பது கடற்கரை ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ஒரு ஏசிக்கு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் அது பிரிஸ்பேனிலிருந்து வர வேண்டும். மச்சான் இருந்த காலத்தில் கப்பல் கரையோடு கட்ட வசதி இல்லை. கடலில் நின்றபடி மிதவையில்தான் சாமான் இறக்குவார்கள். கடல் குழம்பினால் கப்பல் காத்துக் கிடக்கும், ஹோட்டல் சமையல்காரனும் காத்துக் கிடப்பான். ஆறு கிடையாது, அருவி கிடையாது. மழை பெய்ய வேண்டும், இல்லையென்றால் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டும், அதற்கு டீசல் வர வேண்டும். மெனு கார்டில் இருப்பது ஏன் மேசையில் இல்லை என்பதற்கு இவ்வளவு காரணம் உண்டு. வீடியோக்காரர் ஒரு தரமும் "ஏன்" என்று கேட்கவில்லை. சரி, அவருக்கு வியூஸ்தான் வேண்டும். நீங்கள் கேட்டிருக்கலாமே?

தம்பி எழுதிய "வித்துத் திண்ட சனம்" என்ற வரிக்கு இனி வருகிறேன். யார் விற்றது, யார் தின்றது?

நவுறு 21 சதுர கிலோமீற்றர். பன்னிரண்டாயிரம் பேரளவில் சனம். தீவைச் சுற்றியோடும் வீதியில் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். 1899 இல் சிட்னியில் ஒரு கம்பனிக் கந்தோரின் கதவு மூடாமல் முட்டுக் கொடுக்க வைத்திருந்த கல், அந்தத் தீவிலிருந்து யாரோ பொறுக்கி வந்தது. அல்பேர்ட் எல்லிஸ் என்ற உத்தியோகத்தர் அதைச் சோதித்துப் பார்த்தால் உயர்தரப் பொஸ்பேற்று. ஒரு கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லால் ஒரு நாடே உள்ளிருந்து தோண்டப்பட்டது. 1907 இல் முதல் ஏற்றுமதி. அப்போது தீவு ஜேர்மனியிடம், தோண்டியது ஆங்கிலேயக் கம்பனி. முதலாம் உலக யுத்தத்தில் அவுஸ்திரேலியா பிடித்தது. பிறகு பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டுச் சேர்ந்து ஒரு ஆணையகம் அமைத்து அள்ளின. காணிச் சொந்தக்காரனுக்கு ஆரம்பத்தில் கொடுத்தது தொன்னுக்கு அரைப் பென்னி. மிச்சமெல்லாம் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கமக்காரருக்கு உலகச் சந்தை விலைக்கும் குறைவாகப் பசளையாகப் போனது. அந்த நாடுகளின் பச்சைப் புல்வெளியும், பாலும், ஆட்டிறைச்சியும் யாருடைய மண்ணில் வளர்ந்தது என்று இப்போது விளங்கும். எங்கள் கடைகளில் நியூசிலாந்துப் பால்மாப் பக்கெட் தொங்குகிறதே, அதில் பசுவின் படம் இருக்கும். நவுறுவின் படம் இருக்காது.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். முதலில் சர்வதேச சங்கத்தின் பெயராலும், 1947 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் பெயராலும், இந்தத் தீவு அந்த மூன்று நாடுகளிடம் "பொறுப்பாட்சி"யாகக் கொடுக்கப்பட்டது. பொறுப்பாட்சி என்றால் நமது பாஷையில் அமானிதம். அடுத்தவனுடைய பொருளை, அவன் தன் காலில் நிற்கும் வரை பாதுகாத்துத் திருப்பிக் கொடுப்பது. அமானிதத்தை வாங்கியவர்கள் நிலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூரான சுண்ணாம்புக் கல் தூண்களை விட்டார்கள். அங்கே மரம் நடவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1964 இல் அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் கேர்ட்டிஸ் என்ற தீவைத் தருகிறோம், எல்லோரும் மூட்டை கட்டி அங்கே போங்கள் என்றார்கள். நவுறு மக்கள் மறுத்தார்கள். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் 1,200 பேரை ட்ரக் தீவுக்குப் பிடித்துக்கொண்டு போய், 737 பேர் மட்டும் 1946 ஜனவரி 31 இல் உயிரோடு ஊர் திரும்பிய சனம் அது. அதே ஜனவரி 31 ஐத் தெரிந்தெடுத்து 1968 இல் சுதந்திரம் பெற்றார்கள். ஊரை விட்டுத் துரத்தப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்களுக்கும் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் யார்? எங்கள் நாட்டவர். நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. எங்கள் உயர் நீதிமன்றத்தில் இருந்து, பிறகு மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இஸ்லாமியச் சட்டவியல் பற்றி 1988 இல் ஒரு நூலும் எழுதியவர். நவுறு அரசு 1986 இல் அமைத்த விசாரணை ஆணைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு அந்த மூன்று அரசுகளுக்கும் உண்டு என்று அந்த ஆணைக்குழு சொன்னது. அதை வைத்து 1989 இல் இந்தச் சின்னஞ்சிறு நாடு அவுஸ்திரேலியாவை ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கைக் கேட்க முடியாது என்ற அவுஸ்திரேலியாவின் பிரதான ஆட்சேபணைகளை 1992 இல் நீதிமன்றம் தள்ளியது. அதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகிவிட்டார். ஆணைக்குழுவில் இருந்த காரணத்தால் அந்த வழக்கில் அவர் அமரவில்லை. 1993 இல் அவுஸ்திரேலியா வெளியே சமரசத்துக்கு வந்து 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தர ஒப்புக்கொண்டது. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்த எத்தனை பேருக்கு இது தெரியும்? சிரிப்பு இமோஜி போட்டவர்களில் என் பழைய மாணவர்களே பதினெட்டுப் பேர். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினெட்டில் என் பங்கும் இருக்கிறது.

இனி மற்றப் பக்கம். வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் எனக்கும் அந்த வீடியோக்காரருக்கும் வித்தியாசமில்லை. தோண்டப்பட்ட நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சுதந்திரத்துக்கு முன் தோண்டியது. மிச்சம் நவுறு அரசே தோண்டியது. எழுபதுகளில் தலைக்கு வருமானத்தில் உலகின் முதல் வரிசையில் நின்ற நாடு. வருமான வரி இல்லை, வைத்தியம் இலவசம், பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தார்கள். பிற்காலத்துக்கென்று சேர்த்த நிதியமே நூறு கோடி டொலருக்கு மேல். அதற்கு என்ன நடந்தது? மெல்பேர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். பல நாடுகளில் ஹோட்டல்களும் காணிகளும் வாங்கினார்கள். ஒரு கையளவு நாட்டுக்கு ஐந்தாறு ஜெட் விமானம். 1993 இல் லண்டனில் லியனார்டோ டா வின்சியைப் பற்றி ஒரு பாட்டு நாடகத்துக்கு அரச பணத்தைப் போட்டு, அமைச்சர்மார் பறந்து போய் முதல் காட்சி பார்த்தார்கள். சில வாரங்களில் மூடிவிட்டது. ஆலோசகர் என்று வந்தவனெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். பிறகு கடன். பிறகு பெயருக்கு மட்டும் இருந்த வங்கிகளுக்கு அனுமதிப் பத்திரம் விற்றார்கள், கடவுச்சீட்டு விற்றார்கள். 2004 இல் அந்த 52 மாடியும் போனது. 2005 கடைசியில் கடன்காரர்கள் மிஞ்சிய ஒரே விமானத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாளி சுமந்த அந்தப் பெண் லண்டனுக்கு நாடகம் பார்க்கப் போனவரில்லை. போனவர்களை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஒரு ஹாஜியார் கமென்ற் போட்டிருக்கிறார்: "அரசாங்கத்துட கையில இருந்தா இப்படித்தான், தனியாருக்குக் குடுத்தா அடுத்த நாளே ஏசி ஓடும்." ஹாஜியார், உங்களுடைய வியாபாரத் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்களே வாங்குங்கள். உலகிலேயே மிகக் குறைவான சுற்றுலாப் பயணிகள் போகும் நாடுகளில் ஒன்று. யாரை வைத்து அறையை நிரப்புவீர்கள்? நிர்வாகம் மோசம் என்பது சரி, அதை நானும் சொல்கிறேன். ஆனால் அந்த நாட்டின் சொத்தைத் தின்ற முதல் ஆட்கள் தனியார் கம்பனிக்காரர்கள், கடைசி ஆட்கள் தனியார் ஆலோசகர்கள். நடுவில் தின்றவர்கள் அரசாங்கத்து ஆட்கள். ஒருவரை மட்டும் பிடித்து அடிப்பது உங்களுக்கு லேசு, அவ்வளவுதான்.

அந்த ஹோட்டல் அறைகளை உண்மையில் நிரப்பியது எது தெரியுமா? இங்கேதான் எங்கள் கதை வருகிறது.

2001 ஓகஸ்ட்டில் டம்பா என்ற நோர்வேக் கப்பல், மூழ்கும் படகொன்றிலிருந்து 433 பேரைக் காப்பாற்றியது. பெரும்பாலும் ஆப்கான் மக்கள். அவுஸ்திரேலியா அவர்களைத் தன் கரையில் இறக்க விடவில்லை. வங்குரோத்தாகிக் கிடந்த நவுறுவிடம் போய், காசு தருகிறோம், இவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றது. செப்டம்பரில் ஒப்பந்தம், முதல் தவணையே 20 மில்லியன் டொலர் உதவி. எந்த நாடு அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனதோ, அதே நாடு, அள்ளியதால் வந்த ஏழ்மையைப் பிடித்து, அதே மண்ணைச் சிறைக்கூடமாக வாடகைக்கு எடுத்தது. 2007 இல் இலங்கையர் எண்பதுக்கும் மேற்பட்டோரை அங்கே அனுப்பினார்கள். 2008 இல் மூடினார்கள். 2012 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது முதலில் கொண்டுபோய் இறக்கியதே இலங்கையரைத்தான். கூடாரங்கள் தீவின் நடுவில், தோண்டி முடித்த நிலத்தில். ஹோட்டல் அறைகளில் முகாமுக்கு வேலைக்கு வந்த அவுஸ்திரேலியர்கள். தீவுச் சனத்துக்கு முகாமில் காவல் வேலை, துப்புரவு வேலை. தலைக்கு இவ்வளவு என்று அரசுக்கு விசாக் கட்டணம். பொஸ்பேற்று முடிந்தது, மனிதன் ஏற்றுமதிப் பொருளானான். இல்லை, இறக்குமதி. பத்திரிகைக்காரர் வந்து பார்ப்பதைத் தடுக்க 2014 இல் ஊடக விசாக் கட்டணத்தை 200 டொலரிலிருந்து 8,000 ஆக்கினார்கள், விசா மறுத்தால் காசும் திரும்பாது. நீங்கள் பகிர்ந்த வீடியோவில் அறை இருக்கிறது, குழாய் இருக்கிறது, கோழிக் கறி இல்லை என்ற கதை இருக்கிறது. முகாம் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தீர்களா?

ராத்தாவின் மகன் ஒரு வருடத்துக்கும் மேல் கூடாரத்தில் இருந்தான். கடைசியில் தானே கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தான். வந்த புதிதில் யாரோடும் பேசமாட்டான், வெயில் நேரத்தில் வெளியே வரமாட்டான். இப்போது தச்சுப்பட்டறையில் வேலை, கல்யாணமும் முடித்துவிட்டான். நேற்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் வைத்து அந்த ஹோட்டலைப் பற்றிக் கேட்டேன். "பஸ்ஸுக்குள்ளால ரெண்டு தரம் பார்த்த சேர். கடலப் பார்த்தாப்போல பால்கனி. அதுல ஒருத்தன் துவாய் காயப் போட்டிருந்தான். அங்க தண்ணி இருக்கிதாக்கும் எண்டு நினைச்ச." சிரித்தான். பிறகு, "அந்த ஊர்ச் சனம் எல்லாரும் கெட்டவங்க இல்ல. ஒரு காவல்காரன் நோன்புக்கு எனக்கு இளநி கொண்டந்து தந்தவன். அவன்ட ஊட்டுலயும் தண்ணி இல்லயாம்" என்றான். தன்னைப் பூட்டி வைத்த ஊரைப் பற்றி அவனே அப்படிப் பேசுகிறான். வைஃபையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிற நீங்கள் "எச்சத்துக்குள்ள படுக்குது" என்கிறீர்கள்.

இதை அந்தத் தம்பியைக் கேவலப்படுத்த எழுதவில்லை. நல்ல பிள்ளை, வெள்ளத்துக்கு எல்லோருக்கும் முதல் ஓடி வந்தவன். ஆனால் அந்தத் தலைப்பை எழுதிய கை எனக்குப் பயமாக இருக்கிறது. வறுமையைக் கண்டவுடன் சோம்பேறி என்று முடிவெடுக்கும் அந்த வேகத்தை நாங்கள் எங்கிருந்து கற்றோம்? 2022 இல் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் நின்றபோது, எங்களையும் வெளிநாட்டு யூடியூபர்கள் வந்து படம் பிடித்தார்கள். அப்போது "எங்கட சனம் என்ன பிழை செய்த? திண்டவன் வேற, பட்டினி கிடக்கிறவன் வேற" என்று இதே குழுமத்தில் எழுதியது யார்? ஸ்க்ரீன்ஷொட் இருக்கிறது, போட மாட்டேன்.

தலைப்பை மாற்று, அல்லது வீடியோவை எடு என்று தம்பிக்குத் தனியாக எழுதினேன். பார்த்ததற்கு இரண்டு நீலக்கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை. குழும அட்மினிடமும் கேட்டிருக்கிறேன், "ஜும்ஆவுக்குப் பிறகு பார்ப்போம் சேர்" என்றார்.

ராத்தா கேட்ட கேள்விக்கு, "ஓம், அதே ஊர்தான்" என்று சொன்னேன். அவர் வீடியோவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டு, அந்த வாளி வரும் இடத்தில் நிறுத்தி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமென்ற் திறந்துதான் இருக்கிறது. நாளை முதல் இரண்டு பாடவேளையும் எனக்கு வகுப்பு, பத்தரைக்குப் பிறகு பதில் தருகிறேன்.